சித்தி கீரை

அன்று சமைத்தது அரைக்கீரையா, சிறுகீரையா என்பது சரியாக நினைவில்லை. மூத்த மருமகளின் வயிறு எரிந்தது மட்டும் நிச்சயம்.

பெரிய குடும்பம் என்பதால் இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு சட்டி கீரை கடைவார்கள். மூத்தவளின் சிவப்பு மூடிச் சட்டியை ஒருவரும் தொடுவதில்லை. இளையவளின் நீல மூடிச் சட்டியோ வழித்துத் துடைத்தாற்போல் காலியாகும். மூத்தவள் பெற்ற மகனே, "எனக்குச் சித்தி கீரைதாம்மா" என்பான்.

அன்று இளையவள் துணி காயப்போடப் போன நேரம் பார்த்து, மூத்தவள் மூடிகளை மாற்றிவிட்டாள். அந்த ருசிக்கு ஒருநாளாவது தான் பெயர் வாங்க வேண்டும்.

சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு என் கீரையைத் தின்னு பாருடா" என்று மகனுக்குச் சிவப்பு மூடிச் சட்டியிலிருந்து பரிமாறினாள். அவன் முகம் கோணியது.

"எப்பவும் போலத்தாம்மா இருக்கு!"

"அந்த நீல மூடியை இப்படித் தள்ளுப்பா" என்றார் மாமனார்.

மூத்தவள் திகைத்துப்போய் அடுக்களைக்குள் நுழைந்தாள். இளையவள் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நேத்து நீங்க அழுததைப் பார்த்தேன். உங்களுக்கு நல்ல பேர் கிடைக்கட்டும்னு, நீங்க குளிக்கப் போனப்பவே மூடியை மாத்தி வச்சேன். மறுபடி எப்படி மாறுச்சுன்னுதான் புரியலை."



மற்றவர்கள் வயிறாரச் சாப்பிட்டு எழுந்தார்கள். மிஞ்சிய கீரையை மூத்தவள் ஒருத்தியே தின்று தீர்த்தாள்.