ஆத்துப் பக்கம்

திரையில் இருந்த வரைபடத்தில் எங்கள் ஊர் கல்லடி ஒரு முருங்கைக்காய் போல ஒடுங்கிக் கிடந்தது. கிழக்கில் கடல். மேற்கில் களப்பு, கடலோடு சேர்ந்த உப்புநீர் ஏரி. எங்கள் பேச்சில் அது ஆறு.

ஆகஸ்ட் விடுமுறை. வெளிவாரிப் பட்டத்துக்காக நாங்கள் முப்பது ஆசிரியர்கள் சூமில் புவியியல் படித்துக்கொண்டிருந்தோம்.

"சுனாமி வருது. இந்த ஒடுக்கமான நிலத்தில நிக்கிறீங்க. எந்தப் பக்கம் ஓடுவீங்க?" என்று கேட்டார் உதயரூபன் சேர்.

"என்ட மனுசன் ஓடுற பக்கத்துக்கு மற்றப் பக்கம், சேர்," என்றாள் மண்டூர் யசோதினி. எல்லாப் பெட்டிகளும் சிரித்தன.

நான் சிரிக்கவில்லை.

பதவி உயர்வுக்காகப் படிக்கிறேன் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். உண்மையில் இந்த ஒரு கேள்விக்காகத்தான் புவியியலை எடுத்தேன்.

இரண்டாயிரத்து நான்கு மார்கழி, ஞாயிறு காலை. எனக்குப் பதினைந்து வயது, தம்பி நிதுர்ஷனுக்கு ஒன்பது. கடல் எங்கள் வீதிக்குள் வந்துகொண்டிருந்தது.

"நீ ஆத்துப் பக்கம் ஓடு, நான் அம்மாவக் கூட்டிக்கொண்டு வாறன்" என்று கத்தினேன்.

ஒரு செருப்புக் கழன்றது. அதை எடுக்கத் திரும்பியவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே ஓடினான். சொன்னதைக் கேட்கிற பிள்ளை.

அம்மாவும் நானும் பக்கத்து வீட்டு மாடியில் ஏறித் தப்பினோம். அவனை ஆற்றுக்குள்ளிருந்துதான் எடுத்தார்கள்.

நான் அப்படிச் சொன்னதை அம்மாவிடம் சொன்னதே இல்லை. அவன் பயத்தில் தானாகவே அந்தப் பக்கம் ஓடினான் என்றுதான் அவ வருகிறவர்கள் எல்லாருக்கும் சொல்லுவா.

"கேதீஸ்வரி ரீச்சர், நீங்க கல்லடிதானே. சொல்லுங்க பாப்பம்."

மைக்கைத் திறந்தேன்.

பின்னால் நிலத்தில் குந்தியிருந்து இறால் உரித்துக்கொண்டிருந்த அம்மா, தலை நிமிராமலே சொன்னா:

"ஆத்துப் பக்கம் எண்டு சொல்லு புள்ள. அண்டைக்கு நீ தம்பிக்குச் சொன்னது சரிதான்."

இருபது வருடமாக அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

"அம்மா முந்திட்டா!" என்று சிரித்தார் சேர். "ஆனா ஆத்துப் பக்கமும்..."

திரையில், களப்பின் மேல், ஒரு சிவப்புக் கோட்டை இழுக்கத் தொடங்கினார்.

நான் சத்தத்தை முழுவதுமாக நிறுத்தினேன். அவருடைய வாய் மட்டும் அசைந்தது.

"என்னவாம்?" என்றா அம்மா.

"சரியாம்," என்றேன்.