பலகை எழுதிய பெயர்

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவில் பேசுகிறவர்களின் பெயரை இப்போதெல்லாம் லீடர் எழுதுவதில்லை. கரும்பலகையே எழுதிக்கொள்கிறது. எழுதியதும், "மறுக்க உனக்குச் சட்டப்படி உரிமை உண்டு. மறுக்கிறாயா?" என்று கேட்கும். மறுத்தால் விசாரணை முடியும்வரை தண்டனை கிடையாது. எந்த விசாரணையும் இதுவரை முடிந்ததில்லை. அதனால் எல்லோரும் மறுத்துவிடுவார்கள். ரெஜினா டீச்சர் யாரையாவது வெளியே நிற்க வைத்து வருஷக்கணக்காகிறது.

வெள்ளத்தில் அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு இந்தப் பள்ளிக்கு வந்தவள் இளவேனில். வந்த நாளிலிருந்து வகுப்பில் வாயே திறந்ததில்லை.

இன்று கணக்குப் பாடத்தின் நடுவே பலகையில் அவள் பெயர் விழுந்தது.

"தப்பா எழுதிருச்சு போல. மறுத்துடும்மா," என்றார் டீச்சர்.

இளவேனில் எழுந்தாள். "இல்ல டீச்சர். பேசினேன். ஷர்மிளாகிட்ட ரப்பர் கேட்டேன்."

ஒப்புக்கொண்டவர் வெளியே நிற்க வேண்டும் என்றது பலகை. அவள் போய் வராந்தாவில் நின்றாள்.

பக்கத்து இருக்கை ஷர்மிளா கையைத் தூக்கினாள். "நானுந்தான் பேசினேன், டீச்சர்."

பலகையில் அவள் பெயர் இல்லை. டீச்சர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"அப்போ நீயும் போய் நில்லு. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே நில்லுங்க."