எடை மேடையில் ஒரு வாடகை லாரி

கென்டக்கியில் களவுபோன விஸ்கிப் பெட்டிகள் இந்த நெடுஞ்சாலை வழியாகத்தான் போகப்போகின்றன என்று தகவல் வந்திருந்தது. எந்த வண்டியில் என்பதுதான் தெரியவில்லை. கோட்டை விட்டால் லைசென்ஸ் புதுப்பிக்கும் கவுன்ட்டரில் உட்கார வைத்துவிடுவேன் என்று மேலதிகாரி வேறு மிரட்டியிருந்தார். நெடுஞ்சாலை லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடைக்குப் பொறுப்பான ரமோனாவுக்கு அந்தக் கவுன்ட்டர் என்றாலே ஆகாது. வந்த லாரிகளையெல்லாம் நிறுத்தி, கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த வாடகை லாரி உள்ளே நுழைந்தது. வீடு மாற்றுகிறவர்கள் தாங்களே ஓட்டிப் போகிற ரகம்.

ரமோனாவுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. இந்த மாநிலத்தில் வீட்டுச் சாமான் ஏற்றிய வாடகை லாரிகள் எடை மேடையில் நிற்க வேண்டியதில்லை. ஒருத்தரும் நிற்பதுமில்லை. இது மட்டும் தானாக வந்து நிற்கிறது என்றால்?

ஓட்டி வந்த கிழவர் வெர்ஜில் அவளைப் பார்த்துத் திருதிருவென விழித்தார். பக்கத்தில் அவர் மனைவி ஐடெல்லா, அவித்த வேர்க்கடலையை உரித்தபடி தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள்.

உங்களுக்கு இங்கே வேலையில்லை, போகலாம் என்று ரமோனா வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தாள். கிழவர் நகரவில்லை.

"இல்லீங்க ஆபீசர், பலகையில எல்லா லாரியும் நிக்கணும்னு போட்டிருக்கு. சட்டம்னா சட்டம்தானே?" என்றார்.

பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்டாள். கட்டில் என்றார். இல்லை, பீரோ என்றார். கதவைத் திறக்கச் சொன்னதும் சாவியைக் காணோம் என்று எல்லாப் பைகளையும் துழாவினார்.

"அதை மட்டும் திறக்க வேணாம் கண்ணு. எங்க மானமே உள்ளதான் இருக்கு" என்றாள் ஐடெல்லா.

இது போதாதா? ரமோனா சக அலுவலர் பாய்டைக் கூப்பிட்டாள். பின்னால் லாரிகளின் வரிசை நெடுஞ்சாலை வரை நீண்டது. பிடிக்க வேண்டியதைப் பிடித்தாயிற்று, மற்றவர்களை ஏன் காக்க வைக்க வேண்டும் என்று 'மூடப்பட்டது' விளக்கைப் போட்டாள். வரிசை சோதனையில்லாமல் கலைந்து ஓடியது.

இருவரும் சாமான்களை இறக்கி ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தார்கள். பீங்கான் கோழிகள், கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்கள், உடைந்த ஆடும் நாற்காலி, பாதி தீர்ந்த இருமல் மருந்து. ஐடெல்லா சொன்ன மானம், கிழிந்த உள்ளாடைகளாக ஒரு பெட்டி நிறைய வெளியே வந்தபோது பாய்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். விஸ்கி ஒரு சொட்டுக்கூட இல்லை.

ரமோனா அசடு வழிந்தாள். மன்னிப்புக் கேட்டு, அத்தனையையும் திரும்ப அடுக்கிக் கொடுத்தார்கள். எது எங்கே போக வேண்டும் என்று வெர்ஜில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கை காட்டினார்.

"இனிமே எங்கயும் நிக்காம நேரா போங்க பெரியவரே" என்றாள் ரமோனா.

ஐடெல்லா கோபப்படவே இல்லை. உன் கடமையைத்தானே செய்தாய் என்று சொல்லி ஒரு கை வேர்க்கடலையை அள்ளிக் கொடுத்தாள். இவ்வளவு நல்லவர்களையா சந்தேகப்பட்டோம் என்று ரமோனாவுக்கு வெட்கமாக இருந்தது.

லாரி நெடுஞ்சாலையில் ஏறியதும் ஐடெல்லா தன் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டா, எங்களால ஆன மட்டும் அவங்களை இழுத்துப் பிடிச்சோம், விஸ்கியோட எல்லையைத் தாண்டிட்டியா, இல்ல எங்கயாவது காப்பி குடிச்சிட்டு நிக்கிறியா?"