பாதி தேய்த்த பித்தளை

"நல்லாத்தானே தேய்ச்சுக்கிட்டு இருந்தீங்க, ஏன் அத்தான் நிறுத்திட்டீங்க?"

பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே குந்தியிருந்த மச்சினன் கேட்டான். அக்கா புருஷன் கையிலிருந்த சாமானையே உற்றுப் பார்த்தார்.

காலையில் ஊருக்கு வெளியே பொட்டலில் மெட்டல் டிடெக்டர் கத்திய இடத்தில் இருவரும் தோண்டி எடுத்த பித்தளைச் சாமான் அது. கைக்கு அடங்கும் அளவு, கூம்பு வடிவம், உடம்பெல்லாம் பச்சைக் களிம்பு. டிடெக்டரைச் சேர்ந்து வாங்கியதால் கிடைப்பதில் ஆளுக்குப் பாதி என்று பேச்சு. இதுவரை கிடைத்ததெல்லாம் ஒரு துருப்பிடித்த பூட்டும் பெல்ட் கொக்கியும்தான்.

இது அப்படியில்லை. பாதி தேய்த்ததுமே நடுவில் ஒரு வளையம் தெரிந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் கோடுகள், எண்கள்.

"கப்பல்ல வச்சிருந்த கருவி மாதிரி இருக்கு அத்தான்!"

அத்தான் பிரஷ்ஷை மெதுவாகக் கீழே வைத்தார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனில் எதையோ தேடினார். மச்சினன் எட்டிப் பார்த்ததும் திரையைத் திருப்பிக்கொண்டார்.

"என்னன்னு போட்டிருக்கு?"

"ஒண்ணுமில்ல. ஏதோ பழைய குழாய் மூடி."

"குழாய் மூடிக்கு எதுக்கு நம்பர்? குடுங்க, மீதியை நான் தேய்க்கறேன்."

"தொடாதே!"

அந்தச் சத்தத்தில் அக்காவே சமையலறையிலிருந்து ஓடிவந்தாள். அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ளே, எலுமிச்சம்பழம் தீர்ந்துடுச்சு. அக்காவையும் கூட்டிக்கிட்டுக் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வா. மெதுவாவே வாங்க."

தொட்டி மேலேயே ஆறு எலுமிச்சம்பழம் இருந்தது.

மச்சினன் சும்மாவே தராசு முள்ளை முறைத்துப் பார்க்கிற ஆள். இப்போது கேட்க வேண்டுமா? தெருமுனை வரை அக்காவோடு போனான். "செருப்பு வார் அறுந்துடுச்சு, நீ போய்க்கிட்டே இரு" என்று அவளை அனுப்பிவிட்டு ஒரே ஓட்டமாகத் திரும்பினான்.

வாசல் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"அத்தான், கதவைத் திறங்க!"

"சொன்னா கேளு மாப்ளே. போயிடு."

"குழாய் மூடிக்கு எதுக்குத் தாழ்ப்பாள்? யார் காதுல பூ சுத்தறீங்க? பாதி என்னோடது!"

உள்ளே ஸ்டூல் இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிந்தது. சொந்த அக்கா புருஷனே இப்படி அமுக்கப் பார்த்தால் ஊரில் யாரைத்தான் நம்புவது?

பக்கத்துச் சந்தில் கிடந்த காலி டிரம்மை உருட்டி வந்து, அதன் மேல் ஏறிப் பின்கட்டுச் சுவரைப் பிடித்தான். அத்தான் தொட்டியருகே ஸ்டூல் போட்டு, அந்தச் சாமானுக்கு ஒரு முழ தூரத்தில் காவல் காப்பதைப்போல் உட்கார்ந்திருந்தார். முகம் வியர்த்துக் கொட்டியது.

'திருட்டு முழி' என்று நினைத்தபடி மச்சினன் ஒரு காலைச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டான்.

சந்தில் போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"யோவ், நீதான் மச்சினனா? மொதல்ல கீழே இறங்கு!"

"நல்ல நேரத்துல வந்தீங்க சார். எனக்குச் சேர வேண்டியதை இந்தாளு அமுக்கப் பாக்கறாரு. நீங்களே கேளுங்க!"

"அது பழைய பீரங்கிக் குண்டோட மூக்கு, எப்ப வெடிக்கணும்னு நம்பர் திருப்பி வைக்கிற பாகம். உள்ள வெடிமருந்து இருந்தா இந்த வீடே இருக்காது. எங்களுக்குப் போன் பண்ணதே அவர்தான்."

மச்சினன் அந்தப் பக்கம் போட்ட காலை மெல்ல இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"அப்புறம்... அவர் ஏன் சார் அதுக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காரு?"

"உடனே வெளியே ஓடுங்கன்னுதான் நாங்களும் போன்ல கத்தினோம். 'உண்மையைச் சொன்னாலும் என் மச்சினன் நம்ப மாட்டான் சார், நான் நகர்ந்தா சுவரேறிக் குதிச்சு அதைத் தூக்கிடுவான்'னு சொல்லிட்டாரு."