எருமையக்கா சொன்ன வழி

காக்கைக்கு ஆத்திரம் பொங்கியது. கூட்டிலிருந்த முட்டைகளில் ஒன்று குயில் போட்டதோ என்று சந்தேகம். கீழே தள்ளிவிடலாமா, வேண்டாமா? நேரே புளியமரத்தடியில் படுத்திருந்த எருமையிடம் பறந்து போய் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தது.

"எருமையக்கா, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்!"

எருமை கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. 'அடேயப்பா, எவ்வளவு ஆழமா யோசிக்கிறாங்க!' என்று காக்கை கொம்பின் மேல் உட்கார்ந்து காத்திருந்தது. வெயில் சாய்ந்தது, ஆத்திரமும் ஆறியது. தள்ளிவிட்ட பிறகு அது தன் முட்டையாகவே இருந்துவிட்டால்? குயிலாகவே இருந்தாலும்தான் என்ன, பசிக்கிற வாய்தானே?

"புரிஞ்சிடுச்சுக்கா, தள்ள மாட்டேன்!" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பியது. வழியெல்லாம், "அக்கா அசைபோட்டாங்க, எனக்கு வழி பிறந்துச்சு" என்று கரைந்துகொண்டே போனது.

எருமை கண் திறந்தது. "காலையில அவசரமா முழுங்கின வைக்கோலை இப்பத்தான் மென்னு முடிச்சேன். யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சே?"

மறுநாள் மரத்தடியில் அணிலும் ஓணானும் வரிசையில் நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஆடுகூட அசைபோட்டபடியே நின்றது. எருமைக்கு ஒன்றும் விளங்கவில்லை. வழக்கம்போல் வாயை அசைக்க ஆரம்பித்தது.

"உஷ்! சத்தம் போடாதீங்க" என்றது கொம்பின் மேலிருந்த காக்கை. "அக்கா அசைபோடுறாங்க."