பத்தாவது பந்து

காட்டுக் குட்டிகளுக்காகக் கரடி மாமா ஒரு கூடைப்பந்துப் போட்டி நடத்தினார். ஆளுக்குப் பத்துப் பந்து, இரண்டு சுற்று.

முதல் சுற்றில் குரங்குக் குட்டி மாரன் ஒன்பது பந்துகளைக் கூடைக்குள் போட்டான். எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து வந்த அணில் குட்டி செம்பி, தன்னைவிடப் பெரிய பந்தோடு ஒன்பது முறை தடுமாறி, கடைசிப் பந்தை மட்டும் போட்டாள். கூட்டமே துள்ளிக் குதித்தது.

மாரனுக்கு வயிறு எரிந்தது. "ஒண்ணே ஒண்ணு போட்டதுக்கு இவ்வளவு ஆட்டமா?"

இரண்டாம் சுற்றில் வேண்டுமென்றே ஒன்பது பந்துகளை வெளியே எறிந்தான். பத்தாவதை அழகாகப் போட்டுவிட்டு, கூட்டத்தை ஆவலோடு திரும்பிப் பார்த்தான்.

யாரும் கைதட்டவில்லை. செம்பிதான் பதறி ஓடி வந்தாள்.

"கை ரொம்ப வலிக்குதா, மாரண்ணா?"