கடைசி பெஞ்சு மாசாணி

“மாசாணி, எல்லாரும் போகட்டும். நீ கடைசியாப் போ.”

சாயங்காலம் மணி அடித்ததும் கனகம் டீச்சர் தினமும் இதைச் சொல்வதை மானசா பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

மானசா பி.எட். மாணவி. கற்பித்தல் பயிற்சிக்காக மதுக்கரைப் பக்கத்து அரசுப் பள்ளிக்கு வந்தவள். அம்பாசடர் காரில் வந்து இறங்கும் மில்காரர் வீட்டுப் பெண். ‘எந்தக் குழந்தையையும் ஒதுக்காதே’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் பெரிசாக எழுதி வைத்திருந்தாள்.

எட்டாம் வகுப்பு மாசாணியோ ஒதுங்கியே கிடந்தாள். சுவரோரக் கடைசி பெஞ்சில் தனியாக. காலை பிரேயருக்குக்கூட அவளை விடுவதில்லை. கிளாஸில் பைகளுக்குக் காவல். கேள்வி கேட்டால் உட்கார்ந்தபடியே பதில். போர்டுப் பக்கம் கூப்பிட்டதே கிடையாது.

கல்லுக்குழிக் கூலிக்காரர் மகள் என்றுதானே இந்த இளக்காரம்?

கேட்டே விட்டாள். “ஏனுங்க மேடம், அந்தப் புள்ளையை ஒருக்காக்கூடப் போர்டுக்குக் கூப்பிட மாட்டீங்களா?”

“அவ அங்கயே இருக்கட்டுங்க அம்மணி.” கனகம் டீச்சர் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கல்நெஞ்சுக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள் மானசா.

வெள்ளிக்கிழமை அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட, பி.எட். கல்லூரியிலிருந்து ஜெரோம் சார் வந்தார். வாசலோர நாற்காலியில் குனிந்து எழுத ஆரம்பித்தார். கனகம் டீச்சர் ஏதோ வேலையாகக் கல்வி ஆபீசுக்குப் போயிருந்தார். மானசாவுக்கு அதுவே சௌகரியமாகப் போயிற்று.

“மாசாணி, இந்தக் கணக்கைப் போர்டுல வந்து போடு கண்ணு.”

“வேண்டாங்க மிஸ். இங்கிருந்தே சொல்லிப்போடறனுங்க.”

“தப்பாப் போட்டாலும் பரவால்ல. வா.”

அந்தப் பெண் அசையவில்லை. மானசா விடுகிற ஆளா? கிளாஸையே கைதட்டச் சொல்லி, தானே போய்க் கையைப் பிடித்து முன்னால் இழுத்து வந்தாள்.

சாக்பீஸை வாங்கி விறுவிறுவென்று எழுதினாள். போர்டை ஒட்டி நின்ற மானசா கணக்கை மட்டுமே பார்த்தாள்; கச்சிதம். பின்னால் பையன்கள் களுக்கென்று சிரித்தார்கள். “சத்தம் கூடாது” என்று அதட்டினாள் மானசா. பாவம், புதுசு, போகப் போகக் கூச்சம் தெளிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

“கடைசி பெஞ்சையும் விடலை நீங்க. இதுதாம்மா டீச்சிங்,” என்றார் ஜெரோம் சார். பத்துக்கு ஒன்பது.

திங்கட்கிழமை அந்த பெஞ்சு காலி. செவ்வாயும் காலி. புதன்கிழமை மானசா விசாரித்தாள்.

“நேத்து அவ ஊட்டுக்குப் போயிருந்தேன்,” என்றார் கனகம் டீச்சர். “அம்மாகூடக் கல்லு ஒடைக்கப் போயிட்டா. இனி வரமாட்டாளாம். கால்ல உழுகாத குறையாக் கேட்டுப் பாத்துப்போட்டேன்.”

“ஏனுங்க மேடம்? கணக்கை அருமையாப் போட்டாளே.”

“போடுவா. இந்தக் கிளாஸ்லயே அவளுக்குத்தான் கணக்கு நல்லா வரும். எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்பறம் எதுக்கு அவளைக் கடைசி பெஞ்சுல...”

கனகம் டீச்சர் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது.

“அவளுக்கு இருக்கறது ஒரே பாவாடை. பின்பக்கம் தெச்சுத் தெச்சு, இனி ஊசி ஏற எடமில்லாம கிழிஞ்சு தொங்குது. நான் எடுத்துக் குடுத்ததை அவங்கப்பன் வித்துக் குடிச்சுப்போட்டான். யாருகிட்டயும் சொல்லாதீங்க மிஸ்னு என் கையைப் புடிச்சுக்கிட்டா. சர்க்கார் துணி எப்ப வரும்னு கேக்கத்தான் வெள்ளிக்கிழமை ஆபீசுக்குப் போனேன். அது வர்ற வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படாம சுவத்தோரமா வெச்சுக் காப்பாத்திட்டிருந்தேன் அம்மணி. நீங்க கைதட்டிக் கூட்டிட்டு வந்து, அம்பது பேருக்கு அவ முதுகைக் காட்டி நிறுத்திப்போட்டீங்க.”